விடுமுறையில் எங்கே தங்குவது? பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம், "பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம், ஐயா?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். அக்கேள்வியைச் சற்றே மாற்றி, "பிள்ளைகளோடு எங்கே தங்கப் போகிறீர்கள்?" என்று நான் கேட்பதுண்டு. ஓர் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வேறு. அங்குள்ள மக்களோடு இரண்டு இரவுகள் தங்கிப் பழகுவது வேறு. இரண்டாவதைத்தான் நம்மில் பலர் மறந்துவிட்டோம் என்பது என் கருத்து.

விடுமுறை முடிந்ததும் 'நான் கழித்த விடுமுறை' என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். வருவன யாவை? கேளிக்கைப் பூங்கா, நீச்சல் குளம், பேரங்காடி. 2012ஆம் ஆண்டு நமது ஜொகூரிலேயே லெகோலாண்டு திறக்கப்பட்ட பின்னர் அதுவும் பட்டியலில் சேர்ந்துகொண்டது. இவை தீயன என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் ஆடிப் பாடி மகிழ வேண்டிய வயதுதான். ஆனால் அக்கட்டுரைகளில் மனிதர்களே இருப்பதில்லை. விளையாட்டுச் சாதனங்கள் இருக்கின்றன, வரிசைகள் இருக்கின்றன, நுழைவுச் சீட்டின் விலைகூட இருக்கிறது. பேசிப் பழகிய ஒரு பாட்டியோ, பெயர் தெரிந்த ஒரு மரமோ இருப்பதில்லை.

இதன் வேர் ஆழமானது. நம் மலாய் நண்பர்கள் பெருநாள் என்றால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கம்பத்திற்குத் திரும்புகிறார்கள். நம் குடும்பங்களில் பெரும்பாலானவை தோட்டத்திலிருந்து வந்தவை. அத்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தாத்தா பால்மரம் சீவிய நிரையும், பாட்டி கோழி வளர்த்த லயத்து வீடும் இருந்த இடத்தில் இன்று கடைவீடுகள் நிற்கின்றன. ஆகவே 'ஊருக்குப் போகிறோம்' என்று சொல்வதற்கு நம் பிள்ளைகளுக்கு ஓர் ஊர் இல்லாமல் போயிற்று. இரவில் தவளைச் சத்தம் கேட்டு அஞ்சும் பிள்ளையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டிய செய்தியா அது?

இழந்த தோட்டத்தை மீட்டுத் தர நம்மால் இயலாது. ஆயினும் கிராமத்து வாழ்வின் இரண்டு நாள்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இயலும். அதற்கான வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1995ஆம் ஆண்டு பகாங், தெமர்லோவில் உள்ள டேசா முர்னியில் அரசாங்கத்தின் ஹோம்ஸ்டே திட்டம் அதிகாரபூர்வமாகத் தொடங்கப்பட்டது. விருந்தினர், வீட்டுக்காரக் குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ்த் தங்க வேண்டும்; அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் செய்யும் வேலையைப் பார்த்து, இயன்றால் தாமும் கைகொடுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஒரு வீடு தனித்து நடத்துவதாக அல்லாமல், ஊரே சேர்ந்து விருந்தினரைப் பகிர்ந்துகொள்வது அதன் சிறப்பு. சபா, கினாபாத்தாங்கான் ஆற்றோரத்து மிசோ வாலாய் போன்ற ஹோம்ஸ்டேக்கள் இதனால் உலகறியப் பெயர் பெற்றன.

ஆனால் இன்று நகரத்துத் தாமான்களில் 'ஹோம்ஸ்டே' என்று பலகை மாட்டியிருக்கும் வீடுகள் பெரும்பாலும் அத்தகையவை அல்ல. அவை வெறும் வாடகை வீடுகள். சாவி ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கும். வீட்டுக்காரரின் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. உறவினர் திருமணத்திற்குச் செல்லும் பெரிய குடும்பத்திற்கு அவை மிகவும் பயனுள்ளவை, மறுக்கவில்லை. எனினும் பிள்ளைகள் அங்கும் நம் வீட்டுத் தொலைக்காட்சியைப் போன்ற இன்னொரு தொலைக்காட்சியைத்தான் பார்ப்பார்கள்.

இத்தாலி நாட்டை இங்கே எண்ணிப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டுக் குடியானவர்கள் திரள்திரளாகத் தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். நிலக்கிழாருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்டு வந்த வார முறையும் மறைந்தது. தொஸ்கானா போன்ற பகுதிகளில் கல்லால் கட்டிய பண்ணை வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. ஏறக்குறைய நம் தோட்டங்களின் கதையேதான். ஆனால் அவர்கள் 1985ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினர். 2006இல் அதைப் புதுப்பித்தனர். 'அக்ரித்துரிஸ்மோ' எனப்படும் பண்ணைத் தங்கலை விவசாயிதான் நடத்த வேண்டும். அங்கே விவசாயமே முதன்மையாக இருக்க வேண்டும். விருந்தினரைத் தங்க வைப்பது அதற்குத் துணைத் தொழிலாகவே அமைய வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். இன்று அங்கே தங்கும் குடும்பங்கள் திராட்சைத் தோட்டத்தையும் ஒலிவ மரங்களையும் பார்த்தபடி காலை உணவு உண்கின்றன. நிலம் வாழ்கிறது, விருந்தும் நடக்கிறது. நம் பிள்ளைகளை இத்தாலிக்கு அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் கருத்தை நாம் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலாகக் கொண்டால் போதும்.

நம்மவரின் தயக்கங்களையும் நான் அறிவேன். முதலாவது உணவு. நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கம்பத்து வீட்டார் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு மீனோ கோழியோ சமைப்பார்கள். மரக்கறி உண்போர் மட்டும் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் கீரைப் பிரட்டலில்கூடப் பெலாச்சானும் நெத்திலியும் இருக்கும். அதுபோல நாமும் அவர்கள் வீட்டிற்குள் அவர்களுக்கு ஆகாத உணவையோ மதுவையோ கொண்டு செல்லாதிருப்பது பண்பு. இரண்டாவது வசதி. குளிர்சாதனம் உண்டா என்று கேட்பதற்கு முன், வீட்டிலிருந்து கழிப்பறை எத்தனை அடி தூரம், முதியவர் ஏற வேண்டிய படிகள் எத்தனை, கொசுவலை உண்டா, அருகில் ஆறோ வாய்க்காலோ திறந்து கிடக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகளோடும் தாத்தா பாட்டியோடும் செல்வோருக்கு இவையே முதன்மையான கேள்விகள்.

தொலைவும் செல்ல வேண்டாம். நாம் வாழும் பெக்கான் நானாஸ் பெயரிலேயே அன்னாசியைச் சுமக்கும் ஊர். அன்னாசிக்கென ஓர் அருங்காட்சியகமும் இங்கே உண்டு. ஆயினும் அன்னாசி மரத்தில் காய்க்கிறதா, மண்ணுக்கடியில் விளைகிறதா என்று கேட்டால் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கரிமண்ணில் ஊன்றிய கன்று பழம் தர ஓராண்டுக்கு மேலாகும் என்பதையும், ஒரு செடி முதற்காய்ப்பில் ஒரு பழமே தரும் என்பதையும் வயலில் நின்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தட்டில் பழத்துண்டை மிச்சம் வைக்காது. பொந்தியான் மாவட்டத்தின் தென்கோடியில் ஆசியப் பெருநிலத்தின் தெற்கு முனையான தஞ்சோங் பியாய் இருக்கிறது. அதன் அலையாத்திக் காடு, அருகிலுள்ள குக்கூப் தீவோடு சேர்த்து 2003இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. குக்கூப்பில் நீரின்மேல் கால் ஊன்றி நிற்கும் சீன மீனவர் வீடுகளில் தங்கலாம். அங்கே நடைப்பலகையின் இடைவெளியையும் கைப்பிடிக் கம்பியையும் பார்த்த பின்னரே சிறு குழந்தையைக் கீழே இறக்கிவிடுங்கள்.

நிறைவாக, நம் சமூகத்திற்கு ஒரு வேண்டுகோள். நம்மவரிலும் சிறிதளவு நிலம் வைத்து மாடு வளர்ப்போர், காய்கறி பயிரிடுவோர், செம்பனை வைத்திருப்போர் உள்ளனர். பதிவு பெற்ற ஹோம்ஸ்டேக்கள் பெரும்பாலும் மலாய்க் கம்பங்களிலும் பூர்வகுடியினர் ஊர்களிலும் இருக்கின்றன. அங்கே நம் பிள்ளைகள் அண்டை இனத்தாரின் வாழ்வை அறிவது மிகவும் நல்லது. ஆனால் பால் கறப்பதையும், வாசலில் கோலமிடுவதையும், அம்மியில் அரைப்பதையும் அறிய அவர்கள் யார் வீட்டிற்குச் செல்வது? வழிப்போக்கருக்காகத் திண்ணை கட்டியவர்கள் நம் முன்னோர். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அத்தகைய மரபினர் விருந்தினரைத் தங்க வைப்பதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து தொடங்கினால் போதும். வருமானமும் உண்டு, நிலத்தை விற்காமல் இருக்க ஒரு காரணமும் உண்டு.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். அடுத்த விடுமுறைக்குப் பின் கட்டுரைத் தலைப்பைச் சற்று மாற்றிப் பாருங்கள். 'நான் சென்ற இடம்' என்பதற்குப் பதிலாக 'நான் தங்கிய வீட்டார்' என்று கொடுங்கள். எத்தனை பிள்ளைகளால் எழுத முடிகிறது என்பதைக் கொண்டு நம் நிலையை நாமே அறிந்துகொள்ளலாம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.