மணலி ஆலையும் அவலூர்பேட்டை மூட்டையும்



சென்ற மாதம் அவலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். என் பெரியம்மா வீடு அங்கேதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் வழியெல்லாம் நடவு முடிந்த கழனிகள், இடையிடையே பாறைக் குன்றுகள். சம்பா தூர் கட்டுகிற நேரம். மேலுரம் இப்போது விழுந்தாக வேண்டும். பருவம் தப்பி வருகிற மூட்டை கடைக்காரருக்கு வியாபாரம். பயிருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

திண்ணையில் இரண்டு யூரியா மூட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. "மூணு கேட்டேன், ரெண்டுதான் குடுத்தாங்க கண்ணு. அதுக்கும் கைரேகை வெச்சு, கூட ஏதோ சத்து மருந்து டப்பா ஒண்ணு வாங்கினாத்தான் ஆச்சுன்னுட்டாங்க" என்றார் பெரியம்மா. அந்த டப்பா பிரிக்கப்படாமல் ஜன்னலோரம் இருந்தது. அதன் விலை ஒரு மூட்டை யூரியாவின் விலையைவிட அதிகம்.

மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 2022 அக்டோபரில் வந்த திட்டப்படி, எந்த ஆலையில் தயாரானாலும் மானிய யூரியா மூட்டையில் பெரிய எழுத்தில் 'பாரத்' என்றுதான் இருக்கும். ஆலையின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடினேன். மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், மணலி. 'விஜய் யூரியா' என்றால் பழைய விவசாயிகள் சட்டென்று கண்டுகொள்வார்கள்.

ஆலை, கடன், வங்கி என்ற பேச்செல்லாம் நம் வீட்டுக்கு எதற்கு என்று தோன்றலாம். பெரியம்மாவுக்கு மூன்றாவது மூட்டை ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் உரக்கடையில் இருக்கிறது. மீதிப் பாதி ஆலையில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச வேண்டும்.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு எவ்வளவு யூரியா வேண்டும்? மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 3 மூட்டை, அதையும் நான்கு தவணையாகப் பிரித்துப் போட வேண்டும். ஆகவே பெரியம்மா கேட்டது பேராசை இல்லை. ஒரு ஏக்கருக்கு வேண்டிய சரியான அளவைத்தான் கேட்டார்.

45 கிலோ மூட்டை வரியும் வேப்ப எண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் சேர்த்து 266 ரூபாய் சொச்சம். உண்மையான விலை அதைப்போலப் பல மடங்கு. 2022-ல் உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியபோது இறக்குமதி யூரியா மூட்டை ஒன்றின் அடக்கம் 2,000 ரூபாயைத் தாண்டியது. வித்தியாசத்தை மத்திய அரசு கட்டியது. 2022-23-ல் உர மானியம் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். அரசு கட்டியது என்றால் நாம் கட்டினோம் என்று பொருள். நிலமே இல்லாத குடும்பமும் சோப்பு வாங்கும்போது, செல்போன் ரீசார்ஜ் செய்யும்போது அந்த மூட்டைக்குத் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது.

நாட்டில் 2023-24-ல் சுமார் 314 லட்சம் டன் யூரியா தயாரானது. தேவை அதைவிட அதிகம். சுமார் 70 லட்சம் டன் கப்பலில் வந்தது. அந்தக் கப்பல் தாமதமானாலோ, ஏதாவது ஒரு நாடு ஏற்றுமதியை நிறுத்தினாலோ, அந்த அதிர்ச்சி அவலூர்பேட்டைத் திண்ணை வரை வந்து சேரும். அதனால்தான் இருக்கிற ஆலைகளைப் பெரிதாக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். 2025 மார்ச்சில் அசாம் மாநிலம் நாம்ரூப்பில், பழைய ஆலை வளாகத்திலேயே ஆண்டுக்கு 12.7 லட்சம் டன் தயாரிக்கும் புதிய பிரிவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செலவு 10,601 கோடி ரூபாய். அதில் 70 பங்கு கடன், 30 பங்கு சொந்த முதல்.

எழுபது பங்கு கடன்! யார் கொடுப்பார்கள் இவ்வளவு?

வீடு கட்டப் போகிறவர் நகைக்கடன் வாங்கிக் கட்டுவாரா? மாட்டார். ஓராண்டில் திருப்ப வேண்டிய பணத்தில் இருபது ஆண்டு நிற்க வேண்டிய சுவரை எழுப்ப முடியாது. சாதாரண வங்கிகளின் சங்கடமும் இதுதான். நாம் ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் டெபாசிட் போடுகிறோம். ஆலையோ எழும்பவே மூன்று நான்கு ஆண்டு ஆகும், கடனை அடைக்க அதற்கு மேல் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் சுதந்திரத்துக்குப் பிறகு வளர்ச்சி வங்கிகளை உண்டாக்கினார்கள். 1948-ல் ஐ.எஃப்.சி.ஐ., 1955-ல் ஐ.சி.ஐ.சி.ஐ., 1964-ல் ஐ.டி.பி.ஐ. கடைசி இரண்டும் இன்று நம் தெருமுனையில் ஏ.டி.எம். வைத்திருக்கிற சாதாரண வங்கிகளாகிவிட்டன. உலக அளவில் இதே வேலையைச் செய்வது உலக வங்கி. நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில் இந்தோராமா உர ஆலையைக் கட்டவும் பிறகு விரிவாக்கவும் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. முன்னின்று கடன் திரட்டிக் கொடுத்தது.

இந்த மாதிரிக் கடனை நான் எதிர்க்கவில்லை. இது இல்லாமல் நம் நாட்டில் பெரிய உர ஆலைகள் பல எழுந்திருக்காது. ஆனால் கடனோடு வளர்ந்த இரண்டு ஆலைகளின் கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று குஜராத், மற்றது நம்முடையது.

யூரியா எப்படித் தயாராகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். காற்றில் நைட்ரஜன் இலவசமாகவே கிடக்கிறது. அதோடு சேர்க்க ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்தோ, பெட்ரோலிய நாப்தாவிலிருந்தோ எடுக்கலாம். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா. அம்மோனியாவோடு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் யூரியா. யூரியாவின் அடக்க விலையில் பெரும் பங்கு இந்த எரிவாயுவுக்கோ நாப்தாவுக்கோதான் போகிறது. ஆலை ஒரு கறவை மாடு என்றால் இதுதான் தீவனம்.

குஜராத்தின் ஹசீராவில் 1980-களில் உலக வங்கிக் கடனோடு கிரிப்கோ ஆலை எழுந்தது. கிரிப்கோ ஒரு கூட்டுறவு நிறுவனம். ஊர்ச் சங்கங்கள்தான் உறுப்பினர்கள். அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அரபிக் கடல் எரிவாயு கரையேறும் இடங்களில் ஒன்று ஹசீரா. தீவனம் உறுதியான பிறகு மாட்டை வாங்கினார்கள். அந்த ஆலை பிறகு விரிவாக்கப்பட்டு, இப்போது ஆண்டுக்கு சுமார் 22 லட்சம் டன் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

இனி மணலி. 1966-ல் தொடங்கிய நிறுவனம். 1971-ல் உற்பத்திக்கு வந்தது. பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அங்கிருந்து நாப்தா. அன்றைக்கு அது நல்ல ஏற்பாடுதான். தமிழ்நாடு முழுக்க 'விஜய்' மூட்டை போனது. 1990-களில் சுமார் 600 கோடி ரூபாயில் ஆலையை விரிவாக்கினார்கள். நாளொன்றுக்கு 885 டன்னாக இருந்த யூரியா உற்பத்தித் திறன் 1,475 டன்னாக உயர்ந்தது. மாடு பெரிதாயிற்று. தீவனம் மட்டும் அதே நாப்தா.

அடுத்த பத்தாண்டில் கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. நாப்தா விலையும் கூடவே ஏறியது. எரிவாயுவில் ஓடிய ஆலைகள் மலிவாகத் தயாரித்தன. நாட்டின் பெரிய எரிவாயுக் குழாய்கள் மேற்கிலும் வடக்கிலும்தான் இருந்தன. தெற்கே மணலி, தூத்துக்குடி, மங்களூர் மூன்றும் நாப்தாவோடு மாட்டிக்கொண்டன. மணலியில் நஷ்டம் பெருகியது. மத்திய அரசிடம் வாங்கிய கடனும் வட்டியும் மலைபோல் குவிந்தன. 2009-ல் அது நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. தொழிலாளர்கள் வேலை செய்யாமலா? இயந்திரம் மோசமா? இரண்டும் இல்லை. தீவனம் எங்கிருந்து என்று முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் காரணம் என்பது என் கருத்து.

2019 மார்ச்சில் எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் மணலி எரிவாயுவுக்கு மாறியது. விரிவாக்கம் முடிந்து இருபது ஆண்டுக்குப் பிறகு! தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் (1975-ல் தொடங்கியது) 2021-ல் ராமநாதபுரத்திலிருந்து குழாய் வந்த பிறகே எரிவாயுவைப் பார்த்தது.

எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நெய்வேலியில் 1960-களிலேயே பழுப்பு நிலக்கரியை மூலப்பொருளாக வைத்து யூரியா தயாரித்தார்கள். காலடியில் கிடப்பதையே தீவனமாக்கிய துணிச்சலான முயற்சி. அந்த ஆலை பிறகு மூடப்பட்டது. அவலூர்பேட்டைக்கு வடக்கே ராணிப்பேட்டையில் 1906-லேயே பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கியது. இந்தியாவின் ரசாயன உரத் தொழில் பிறந்ததே அங்கேதான். இந்தப் பக்கத்து மக்களுக்கு உர ஆலை புதிய விஷயமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடின. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். என் பெரியம்மாவுக்கு மூட்டை கிடைக்க வேண்டும். அதற்காக இன்னொரு வீட்டுக் குழந்தை அம்மோனியாவைச் சுவாசிக்க வேண்டுமா? வளர்ச்சி வங்கி கடன் கொடுக்கும்போது சுற்றுப்புற மக்களின் பாதுகாப்பையும் நிபந்தனையாக எழுதி வாங்க முடியும். பணம் கை மாறும் முன்புதான் அந்தப் பிடி இருக்கும். ஆலை எழுந்த பிறகு, பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் அலைய வேண்டியதுதான்.

சிலர் கேட்கிறீர்கள், ரசாயன உரமே வேண்டாமே, பிறகு எதற்கு ஆலை என்று. இயற்கை வேளாண்மை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 2021-ல் இலங்கை அரசு ஒரே நாளில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது நடந்ததை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். நெல் விளைச்சல் சரிந்தது, அரிசி விலை ஏறியது, சில மாதங்களிலேயே தடையை விலக்க வேண்டி வந்தது. எருவும் பசுந்தாளும் படிப்படியாகத்தான் மண்ணைத் தேற்றும். அதுவரை யூரியா வேண்டும், அளவோடு வேண்டும்.

அளவு என்றதும் நினைவு வருகிறது. பெரியம்மா வீட்டுக்கு எதிரே ஒருவர் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையிலும் யூரியாவை அள்ளி வீசுகிறார். இலை கரும்பச்சையாகத் தெரிகிறதாம். மல்லாட்டையின் வேர் முடிச்சுகளே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது ஜிப்சம். அங்கே வீணாகிற மூட்டைதான் பெரியம்மாவுக்கு இல்லாமல் போன மூட்டை. எதிர்வீட்டுக்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தேன். மண் பரிசோதனை செய்து பார்க்கிறேன் என்றார். செய்வார் என்று நம்புகிறேன்.

உர ஆலை விரிவாக்கம் என்ற செய்தியைப் பேப்பரில் பார்த்தால் எத்தனை கோடி, எத்தனை லட்சம் டன் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எரிவாயு எங்கிருந்து, எந்த விலையில், எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்று கேளுங்கள். உங்கள் எம்.எல்.ஏ., எம்.பி. ஊருக்கு வந்தால் கேளுங்கள். எண்ணூருக்கு வருவதும் கப்பலில் வரும் எரிவாயுதான், டாலர் விலைதான். அடுத்த விரிவாக்கத்துக்குக் கடன் வாங்கும் முன் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் நீங்கள் வாங்கிய யூரியா என்ன தேதியில் கிடைத்தது, என்ன விலை கொடுத்தீர்கள், கூடவே வேறு ஏதாவது வாங்கச் சொன்னார்களா, மூட்டையில் எந்த ஆலையின் பெயர் இருந்தது என்று ஒரு போஸ்ட் கார்டில் எழுதி அனுப்புங்கள். உரம் வாங்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அதன் நகலையும் வையுங்கள். வந்த கடிதங்களைத் தொகுத்து, ஊர் வாரியாக, வேளாண்மைத் துறைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பெரியம்மாவின் ரசீது முதலாவதாக என் மேஜையில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்