சைக்கிள்காரருக்கு ஒரு வழிப்படம்

குடுபல்லியிலும் குப்பத்திலும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம்மவருட் சிலர் வொயிட்பீல்டிலோ கிருஷ்ணராஜபுரத்திலோ இறங்கிச் சைக்கிள் மிதிக்கின்றனர். வேலை செய்யுமிடம் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். பஸ்காசு மிச்சம் என்பதே காரணம். ஊருக்குப் புதியவரானால் வழி கேட்பது செல்பேசியிடந்தான். அதுவோ பெரும்பாலும் மோட்டாருக்கு உகந்த வழியைச் சொல்லி, லாரி பாயும் பெருஞ்சாலையிலே கொண்டுபோய் விடுகின்றது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் சைக்கிளிற் சென்றோர் நாலாயிரவருக்கு மேல் மாண்டனர் என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. வீட்டில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு வழிபார்த்திருப்போருக்கு இது வெறும் எண்ணன்று.

சைக்கிளுக்கெனத் தனி வழிப்படம் வேண்டும். அதை வரைபவர் யார்? 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் துரை சங்கிலி பிடித்து அளந்த காலந்தொட்டுத் தேசப்படம் என்பது நம் நாட்டிற் சர்க்கார் காரியமாகவே இருந்து வந்தது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், பொதுஜனங்களே கூடி உலகப்படம் வரையலாம் என்று ஒரு முயற்சியைத் தொடங்கினார். அதுவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதிலுள்ள விவரங்களைக் கொண்டு 2007இல் ஆண்டி ஆலன் என்பவர் மேடுபள்ளமும் சைக்கிள் தடங்களும் தெரியும்படி சைக்கிள்காரர்க்கென்றே ஒரு படம் அமைத்தார். நம் நாட்டிலும் 2021 பிப்ரவரி 15 அன்று விதிகள் தளர்த்தப்பட்டு, இந்தியர் படம் வரைய முன்அனுமதி வேண்டுவதில்லை என்றாயிற்று.

பொதுஜனங்கள் வரைந்தது நம்பத்தக்கதோ என்று சிலர் ஐயுறலாம். 2015 டிசம்பரிற் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் நீர் நிற்கின்றது என்பதை அந்தந்தப் பகுதியாரே இப்படத்தின் மீது குறித்தனர். தெருவில் நிற்பவன் அறிந்ததை வேறெவர் அறிவார்?

இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘இவ்வழி பத்திரமானது’ என்று படத்தில் எழுதுவதில்லை. ஒருவருக்குப் பத்திரமாய்த் தோன்றுவது மற்றொருவருக்கு அச்சந்தரும். இருபது வயது இளைஞரும் பால்கேன் கட்டிச் செல்லும் பெரியவரும் ஒரே கண்ணாற் பார்ப்பரோ? ஆகவே கண்ணாற் கண்டதையே குறிக்கின்றனர்: தார்ச்சாலையா மண்சாலையா, அகலம் எவ்வளவு, இரவில் விளக்கு எரிகின்றதா, ஏற்றம் உண்டா. இவற்றைக் கொண்டு வழியைத் தேர்ந்து கொடுப்பது கணிப்பொறியின் வேலை. பிழையாகக் குறித்தால் அவ்வழியே வரும் அடுத்தவர் திருத்திவிடலாம்.

சர்க்கார் போடும் தடம் நிலைக்கும் என்பதும் நிச்சயமில்லை. 2020இல் பெங்களூர் வெளிவட்டச் சாலையில் சைக்கிளுக்கென்று தடம் ஒதுக்கிக் குறுந்தூண்கள் நட்டனர். தூண்கள் முறிந்தன, மோட்டார் சைக்கிள்கள் உட்புகுந்தன, பின்னர் மெட்ரோ வேலையும் வந்து சேர்ந்தது. பழைய படத்தை நம்பி அங்கே செல்பவர் கதி என்ன? மிதிப்பவர் கையிலுள்ள படமாயின் அன்று மாலையே திருத்தலாகும்.

கோலார் தங்கவயலிலும், நம் குடுபல்லி மண்டலத்துச் சிகரகுண்டாவிலும் 2001இற் சுரங்கம் மூடப்பட்டபின் பிழைப்புத் தேடிப் பெயர்ந்த குடும்பத்தார்க்கு ஒரு செய்தி. பெல்ஜியம் நாட்டு லிம்பர்க் பகுதியிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கே சுரங்கப் பொறியாளராயிருந்த ஹ்யூகோ போலன் என்பவர், சுரங்கத்துச் சந்திப்புக்களுக்கு எண் இட்டிருந்த முறையை நினைந்து, சைக்கிள் பாதைச் சந்திப்புக்களுக்கும் எண் இடச் செய்தார். 1995இல் தொடங்கிய அம்முறை இன்று ஹாலந்திலும் பரவியுள்ளது. எண்களை ஒரு துண்டுக் காகிதத்திற் குறித்துக்கொண்டால் பாஷை தெரியாதவரும் வழி தவறார். சுரங்கத்துக்குள் இறங்கியவர் அறிவு மேலே சாலைக்குப் பயன்பட்டது கண்டீர்!

இத்தகைய படங்களை வரைவோர் பெரும்பாலும் ஓய்வுநாளில் உல்லாசமாகச் சைக்கிள் விடும் கல்விமான்கள். அவர்களைக் குறைகூற வேண்டா. நல்ல தொண்டே செய்கின்றனர். ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆலைக்குச் செல்பவர் வழி அவர்களுக்குத் தெரியாது. எந்த ரயில்வே அடிப்பாதையில் ஒரு மழைக்கே நீர் முழங்காலளவு நிற்கும், எந்தச் சந்தில் விளக்கு இல்லை என்பதையெல்லாம் நம்மவரே அறிவர். ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ என்னும் செயலியைச் செல்பேசியில் வைத்துக்கொண்டால் அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்: இச்சாலையின் மேற்பரப்பு எத்தகையது, இங்கு விளக்கு உண்டா? பள்ளிப்பிள்ளையும் பதில் அளிக்கலாம். தெருப்பெயரைத் தமிழிலும் படத்திற் சேர்க்க இடமுண்டு.

செயலி வேண்டாதவர், தாம் நாள்தோறும் செல்லும் வழியை ஓர் அஞ்சலட்டையில் வரைந்து சங்கத்திற்கு அனுப்பலாம். எங்கே இறங்குகின்றீர், எங்கே திரும்புகின்றீர், எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகின்றீர் என்ற மூன்றும் இருந்தாற் போதும். படத்தில் ஏற்றும் வேலையை இளைஞர் பிரிவினர் பார்த்துக்கொள்வர்.