பச்சைக்குள் யார் இருக்கிறார்கள்?

வன நிலை அறிக்கை வெளிவரும் போதெல்லாம் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும்: நாட்டின் வனப்பரப்பு இத்தனை சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது. அதன் பின்னாலேயே ஒரு வாதமும் கிளம்பும். காடு கூடியிருக்கிறது, ஆகவே காட்டுயிர்களும் நலமாகத்தான் இருக்கும். மரத்தை நட்டு நிழலைக் கொடுத்துவிட்டால் விலங்கு தானாக வந்து சேரும், மிச்சத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும். இதைச் சொல்பவர்களில் பலர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கன்று நடுகிறவர்கள் சொல்கிறார்கள், என் நண்பர்களும் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறு. வெப்பமண்டலக் காட்டில் வாழும் பாலூட்டிகளைப் பொறுத்தவரை ஆபத்தான தவறு. அந்த வாதத்தின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதல் கண்ணி, பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்பது. அறிக்கையின் கணக்கு எளிமையானது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கிளைகள் கவிந்திருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, நிற்பது என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. பழத்தோட்டமும் மூங்கிலும் பனைவகை மரங்களும் அதில் அடங்கும். மரக்கவிப்பை அளக்க அது நல்ல அளவுகோல்தான். அதை மானுக்கும் மந்திக்கும் நலச் சான்றிதழாக மாற்றும்போதுதான் பிழை நேர்கிறது.

முதுமலைப் பக்கம் போனவர்களுக்கு உண்ணிச்செடிப் புதர் தெரியும். அதோடு சேர்ந்து இப்போது மஞ்சக்கொன்றையும் பரவிக் கிடக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், பூத்தால் கண்ணைப் பறிக்கும். மேலிருந்து படம் எடுத்தால் குறையில்லாத பச்சை. அடியில் நின்று பார்த்தால் புல் இருக்காது. புல் இல்லாத இடத்தில் புள்ளிமானுக்கும் காட்டுமாட்டுக்கும் என்ன வேலை? வனத்துறையே அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. மரத்தை வெட்டினால்தான் விலங்குக்கு வாழ்வு என்ற நிலைமை அங்கே உண்மையாகவே இருக்கிறது.

வரையாட்டின் கதை இன்னும் வேதனையானது. நம் மாநில விலங்கு அது. மலை உச்சிப் புல்வெளியும் பாறைச் சரிவும்தான் அதன் வீடு. அந்தப் புல்வெளிகளைப் பதிவேட்டில் தரிசு என்று எழுதிவைத்து, தலைமுறை தலைமுறையாகச் சீகையும் தைலமரமும் பைனும் நட்டோம். பசுமை கூடியது, வரையாட்டின் வீடு சுருங்கியது. 2024-ல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில் கண்டது 1,031 வரையாடுகள். மரம் நடுவதே அந்த உயிருக்கு எதிராகப் போகலாம் என்பதை நடுகிறவர்கள் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கண்ணியைத்தான் நான் அதிகம் மறுக்க விரும்புகிறேன். மரம் வீடு, விலங்கு அதில் குடியிருப்பவர், வீடு இருந்தால் ஆள் வருவார் என்கிறார்கள். இந்தக் குடித்தனக்காரர்கள்தான் வீட்டையே கட்டுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

வால்பாறையில் ஒரு சோலைத் துண்டின் ஓரம், பாசி படிந்து விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஒரு சிறு குவியலைக் காலையில் பார்த்தேன். கூட வந்த காடர் பழங்குடி இளைஞர் குச்சியால் கிளறிக் காட்டினார். விரல் நுனி அளவுக் கொட்டைகள் ஏழெட்டு. சதை ஒட்டாமல், கழுவி வைத்ததுபோல் பளபளத்தன. நடுவில் ஒரு வண்டின் ஓடு. “மரநாய் போட்டதுண்ணா. இதை எடுத்து நர்சரியில போட்டா முளைக்கும்ணா” என்றார்.

அது பழுப்பு மரநாய். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. உடலமைப்பால் ஊனுண்ணிக் குலம், ஆனால் களக்காடு முண்டந்துறையில் உயிரியலாளர் திவ்யா முத்தப்பா செய்த ஆய்வு அதன் உணவில் பெரும்பங்கு பழமே என்று காட்டியது. இரவெல்லாம் கிளைவிட்டுக் கிளை தாவி, ஓரிடத்தில் தின்றதை வேறிடத்தில் இடுகிறது. பெரிய கொட்டை உள்ள மரங்களுக்கு இப்படி விழுங்கிச் சுமக்க ஒரு வாயும் வயிறும் தேவை. மரநாயும் இருவாச்சிப் பறவையும் போய்விட்டால் தாய்மரம் நிற்கும், அதன் கொட்டை தாயின் காலடியிலேயே விழுந்து அழுகும். ஐம்பது ஆண்டுக்கு வரைபடத்தில் எந்த மாற்றமும் தெரியாது. கிழவர்கள் மட்டும் வாழும் ஊர்போல அந்தக் காடு பச்சையாகவே நின்றுகொண்டிருக்கும்.

விதை தூவுகிறவர் போனால் மட்டுமல்ல, வேட்டையாடுகிறவர் போனாலும் காடு கெடும். வெனிசுவேலாவில் கரோனி ஆற்றின் குறுக்கே குரி அணை எழுந்து, 1986-ல் 4,300 சதுர கிலோமீட்டர் நீரில் மூழ்கியது. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாயின. மரங்கள் அப்படியே இருந்தன, யாரும் கோடரி எடுக்கவில்லை. ஆனால் சிறிய தீவுகளில் ஜாகுவார், பூமா போன்ற வேட்டை விலங்குகள் இல்லாமல் போயின. சூழலியலாளர் ஜான் டெர்போர்கும் கூட்டாளிகளும் 2001-ல் வெளியிட்ட முடிவு இது: அக்கரைக் காட்டோடு ஒப்பிட்டால் அத்தீவுகளில் கொறிணிகளும் ஊளைக்குரங்குகளும் இகுவானாப் பல்லிகளும் இலைவெட்டி எறும்புகளும் 10 முதல் 100 மடங்கு வரை அடர்ந்திருந்தன. பெருமரங்களின் நாற்றுகளும் இளங்கன்றுகளும் கடுமையாகக் குறைந்துபோயிருந்தன. உண்ணப்பட்டிருக்க வேண்டிய வாய்கள் உயிரோடிருந்து, அடுத்த தலைமுறைக் காட்டைத் தின்றுகொண்டிருந்தன. மரம் இருந்தால் விலங்கு வரும் என்ற வாதத்தை நான் கேட்கும்போதெல்லாம் இந்தத் தீவுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அடுத்தது துண்டுகள் பற்றிய சமாதானம். பெரிய காடு போனாலும் ஆங்காங்கே பத்து இருபது ஏக்கர் விட்டுவைத்தால் சிறிய விலங்குகளாவது பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். யானைக்குத்தானே இடம் வேண்டும், எலிக்கும் மூஞ்சூறுக்கும் எதற்கு என்று கேட்கிறார்கள். தெற்குத் தாய்லாந்தின் சியோ லான் நீர்த்தேக்கம் இதற்கு விடை வைத்திருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் நீர் நிரம்பி அங்கும் குன்றுகள் தீவுகளாயின. ஆய்வாளர்கள் அங்கே இருமுறை பொறிவைத்துப் பார்த்தார்கள், முதலில் சில ஆண்டுகளிலும், பிறகு கால் நூற்றாண்டு கழித்தும். 2013-ல் வெளியான முடிவின்படி, 10 ஹெக்டேருக்குக் குறைந்த தீவுகளில் 5 ஆண்டுகளுக்குள் உள்ளூர்ச் சிறு பாலூட்டிகள் ஏறக்குறைய முழுதாக அழிந்தன. 10 முதல் 56 ஹெக்டேர் வரையிலான தீவுகளில் அதே முடிவு 25 ஆண்டுகளில் வந்தது. அந்த இடத்தை மலாய் வயலெலி என்ற வந்தேறி எலி பிடித்துக்கொண்டது. இடம் சுருங்கியது ஒரு அடி, புதிய போட்டியாளர் நுழைந்தது இன்னொரு அடி. இடமும் உறவும் சேர்ந்துதான் ஒரு காட்டில் யார் இருப்பார், யார் போவார் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒன்றை மட்டும் அளந்தால் மற்றது நம்மை ஏமாற்றிவிடும்.

புலி எண்ணிக்கை கூடினால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்பது இதே வாதத்தின் இன்னொரு முகம். புலி கூடுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் புலி தனியாக வருவதில்லை, சிறுத்தையும் செந்நாயும் வாழும் இடத்துக்குள் வருகிறது. கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு மூன்றும் அருகருகே வாழும் விதத்தைக் காட்டியது. புலி கொன்ற முக்கிய இரைகளின் சராசரி எடை 91.5 கிலோ, சிறுத்தையினுடையது 37.6, செந்நாயினுடையது 43.4. புலியின் பங்கு காட்டுமாடும் கடமானும். மற்ற இரண்டும் சிறியதில் கைவைத்தன. செந்நாய் பகலில் வேட்டைக்குப் போகும். இரை பலவகையாக, நிறைவாக இருந்ததால்தான் இந்தப் பங்கீடு நடந்தது.

வடக்கே ராஜாஜி புலிகள் காப்பகத்தின் சில்லா பகுதியில் நடந்தது வேறு. அங்கே புலி மீண்டு பெருகியபோது சிறுத்தையின் அடர்த்தி சரிந்தது. எஞ்சிய சிறுத்தைகளின் உணவில் வீட்டுக் கால்நடையின் பங்கு ஏறியது. அதே இரண்டு விலங்குகள்தான், ஆனால் முடிவு வேறு. புலியை மட்டும் எண்ணுகிறவருக்கு இரண்டுமே வெற்றிக் கதை. காட்டோரம் ஆடு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அப்படியில்லை.

மரத்தை வெட்டாத வரை விலங்குக்கு ஆபத்தில்லை என்பதற்கு நீளமான மறுப்புத் தேவையில்லை. சூழலியலாளர் கென்ட் ரெட்ஃபோர்ட் 1992-லேயே வெறுங்காடு என்று ஒரு பெயரிட்டு எழுதிவிட்டார்: மரம் நிற்கும், வேட்டையால் விலங்கு இருக்காது. அதே 1992-ல்தான் வியட்நாம் லாவோஸ் எல்லையின் அன்னமைட் மலையில் சாவோலா என்ற, மாட்டினத்தைச் சேர்ந்த பெரிய விலங்கு அறிவியலுக்குத் தெரியவந்தது. இன்று அது இருக்கிறதா என்பதே கேள்வி. 2013-க்குப் பிறகு எந்தத் தானியங்கிக் கேமராவிலும் அது படவில்லை. அந்த மலையின் காப்பகங்களிலிருந்து காவலர்கள் அகற்றிய கம்பிச் சுருக்குகள் ஒரு லட்சத்துக்கும் மேல். சுருக்குக்கு எது மாட்டினாலும் ஒன்றுதான், காட்டுப்பன்றியும் சாவோலாவும் அதற்கு ஒரே கால்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி நியாயமாக எழும். வால்பாறையில் தேயிலைக்கு நடுவிலேயே சிறுத்தை இருக்கிறதே, அங்கேயே புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்கு பெருகியிருக்கிறதே, துண்டுக்காடு போதும் என்பதற்கு இது சான்றில்லையா? நானும் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். சிறுத்தை அங்கே பெரும்பாலும் காட்டு இரையைத்தான் உண்கிறது. அந்த இரை இருப்பதற்குக் காரணம் சோலைத் துண்டுகளும் ஓடைக்கரைப் பச்சையும், சுற்றி நிற்கும் ஆனைமலைக் காடும். சிங்கவால் குரங்கோ மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் வாழப் பிறந்தது, மண்ணை மிதிப்பது அபூர்வம். புதுத்தோட்டத்தில் அது தரையில் நடக்கிறது, வீட்டுக் கூரையில் ஏறுகிறது, சாலையைக் கடக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. அதற்காக மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டவேண்டி வந்தது. தலைகளை எண்ணினால் கூடியிருக்கிறது. அதன் வாழ்க்கையைப் பார்த்தால், விதை தூவும் கிளைவாசி ஒன்று குப்பைத்தொட்டி தேடும் நிலைக்கு வந்திருக்கிறது. இதைப் பெருக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசிக் கண்ணி, மிச்சத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது. அதே வால்பாறையில் சிதைந்த சோலைத் துண்டுகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை இருபது ஆண்டுக்கு மேலாக உள்ளூர் மரவகைகளை நட்டு வருகிறது. தானாக வளர விட்ட இடங்களையும் நட்டுப் பராமரித்த இடங்களையும் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நட்ட இடங்களில் மரவகைகளும் மரத்தில் சேரும் கரிமமும் விரைவாகத் திரும்பியிருந்தன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, பெரிய காட்டிலிருந்து தள்ளிப்போகப் போகக் கூடியது. காட்டுக்கு அருகில் இருந்தால் விதை வந்து சேர வழியுண்டு. தொலைவில் உள்ள துண்டில் அப்படியில்லை. மரநாயும் இருவாச்சியும் எட்டாத அந்த இடங்களுக்கு, மழை தொடங்கியதும் ஆட்கள் நர்சரியிலிருந்து கன்றுகளைச் சுமந்துகொண்டு நடந்து போகிறார்கள்.