பழைய காரும் பச்சிளம் பாலகனும்

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் பிரயாணமே பெரும்பாலான சிசுக்களின் முதற் பிரயாணம். நம் நாட்டில் அது தாயின் மடியிலேயே நிகழ்கின்றது. தாயின் கைகளைவிடப் பத்திரமான இடம் பிள்ளைக்கு வேறில்லை என்பது நம்மவரின் திடமான நம்பிக்கை. மற்றெல்லா இடங்களிலும் மெய்யாகவுள்ள அந்நம்பிக்கை ஓடும் மோட்டார் வண்டிக்குள் மாத்திரம் பொய்த்துவிடுகின்றது.

இதற்குக் கணக்கே சாட்சி. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் மோதி நிற்கும்போது, உள்ளிருப்பவை தம் நிறையைப்போல் 20, 30 மடங்கு விசையுடன் முன்னே பாயக்கூடும். 5 கிலோ நிறையுள்ள சிசு அக்கணத்தில் 100 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாகிவிடும். அதனைத் தடுத்துப் பிடிக்கும் வலிமை எந்தத் தாயின் கரங்களுக்கும் இல்லை. அன்பிற் குறைவில்லை, குறைவு தசையிலும் எலும்பிலுமே உள்ளது.

இவ்வுண்மையை உணர்ந்தே சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பேர்ட்டில் ஓல்ட்மன் 1960களில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை வகுத்தார். விண்வெளி வீரர்கள் மல்லாந்து கிடந்து, விசையை முதுகு முழுவதிலும் ஏற்றதே அவருக்கு வழிகாட்டியது. சிசுவின் தலை உடல் நீளத்தின் காற்பங்கு. கழுத்தோ இன்னும் உறுதிப்படாதது. ஆகவே பிள்ளை வண்டியின் பின்புறம் நோக்கியிருந்தால், முன்மோதலின் தாக்கத்தை ஆசனத்தின் முதுகுப்புறமே தாங்கிக்கொள்ளும். முறையாகப் பொருத்திய ஆசனம் சிசுக்களின் மரண அபாயத்தை 71 சதவீதம் குறைக்கும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. இவ்விடத்தில் 'முறையாக' என்னும் சொல்லே முக்கியமானது. நமது பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகின்றது.

2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தபோது, வரியும் விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் நின்றன. எனவே பழைய கார்களின் ஆயுள் மேலும் நீண்டது. மறுபுறத்தில், கனடாவிலும் லண்டனிலுமுள்ள உறவினர் ஊருக்கு வரும்போது குழந்தை ஆசனமும் கொண்டுவருகிறார்கள். அவற்றுட் பல, புதிய கார்களின் பின்னிருக்கை இடுக்கிலுள்ள இரும்பு வளையங்களிற் கொளுவிப் பூட்டும் 'ஐசோபிக்ஸ்' முறைக்கு உரியவை. அவ்வளையங்கள் பழைய கார்களில் இல்லை. பூட்டப்படாத ஆசனம் பிள்ளையோடு சேர்ந்து பாயும் இன்னொரு சுமையே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பழைய கார் என்பதிலும் இருவகை உண்டு. யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் நான் காணும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலியன ஒருவகை. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி நம்மைக் காத்த வண்டிகள் இவை. ஆனால் 1950களிற் செய்யப்பட்டவற்றுக்குப் பின்னிருக்கையில் ஆசனப்பட்டியே கிடையாது. இவற்றைப் படைத்த பிரித்தானியாவின் இன்றைய சட்டம், பட்டியில்லாத காரில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றலாகாது என்கிறது. பட்டியைப் புதிதாகப் பொருத்துவதாயின், துருப்பிடிக்காத உறுதியான உலோகத்தில், வலுவூட்டும் தகடு வைத்து, தேர்ந்த தொழிலாளியே முடுக்க வேண்டும். துருவேறிய தகட்டில் முடுக்கிய ஆணி மோதலின்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

மற்றைய வகை, 1980, 1990களின் ஜப்பானியக் கார்கள். இவற்றுட் பலவற்றில் பின்னிருக்கைப் பட்டி உண்டு. ஆனால் அது திடீரென்று இழுபட்டால் மாத்திரமே இறுகும், மற்றை வேளையில் தளர்ந்து கொடுக்கும். பெரியவர்களுக்கு இது வசதி. குழந்தை ஆசனத்துக்கோ இதுவே குறை. ஆசனத்திலேயே பட்டியைப் பூட்டும் அமைப்பு இருந்தால் அதனைப் பயன்படுத்த வேண்டும். இல்லையேல், சிறிய உருக்குக் கவ்வியொன்றால் பட்டியின் இரு மடிப்புகளையும் கொளுக்கியின் நாக்குக்கு அருகே, ஓர் அங்குலத்துக்குள், சேர்த்துப் பிடிக்க வேண்டும். இடுப்புப் பட்டி மட்டுமே உள்ள இடத்தில், அதனைக்கொண்டு பொருத்தலாமென ஆசனத்தின் கைந்நூல் சொன்னால் மாத்திரமே பொருத்தலாம்.

பொருத்தும்போது முழங்காலால் ஆசனத்தை அழுத்தியபடி பட்டியை இழுத்திறுக்க வேண்டும். பின்பு பட்டி செல்லும் இடத்திற் பிடித்து ஆட்டினால், எப்பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. பழைய இருக்கைகள் நடுவே குழிந்திருப்பதால் ஆசனம் நிமிர்ந்துவிடும். அப்போது சிசுவின் தலை முன்னே சரிந்து மூச்சுத் தடைப்படலாம். கைந்நூல் அனுமதித்தால், சுருட்டிய துவாயொன்றை அடியில் வைத்துச் சாய்வைச் சரிசெய்யலாம். முன்புறத்தில் காற்றுப்பையுள்ள காராயின், அது இயங்கும் நிலையிலிருக்கும்போது பின்னோக்கிய ஆசனத்தை அங்கே ஒருபோதும் வைக்கலாகாது. விரியும் பையே பிள்ளைக்கு எமனாகிவிடும். விபத்திற் சிக்கியதோ, காலாவதியானதோ, வரலாறு தெரியாததோ ஆகிய ஆசனத்தை, எவர் அன்பளித்தாலும் விலக்கிவிடுவதே நன்று.

இனிச் சட்டத்தைப் பற்றி ஒருவார்த்தை. குழந்தை ஆசனத்தை முதன்முதலாகக் கட்டாயமாக்கிய அமெரிக்க மாநிலம் டெனசி. றொபேட் சாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியரின் முயற்சியால் 1978இல் அச்சட்டம் அமுலுக்கு வந்தது. ஆனால் பெரியவர் கையில் ஏந்திய பிள்ளைக்கு விலக்களிக்கும் வாசகமொன்றும் அதில் நுழைந்துவிட்டது. அவ்வோட்டை 1981இற்றான் அடைபட்டது. மடியின்மீது மக்களுக்குள்ள நம்பிக்கை எங்கும் ஒன்றே என்பதற்கு இது சான்று. இங்கே 2011இல் கட்டாயமாகிய ஆசனப்பட்டி விதி, சாரதியையும் முன்னிருக்கைப் பிரயாணியையும் பற்றியதாயிருந்தது. பிள்ளைகளுக்கென நாம் ஒரு சட்டம் இயற்றும்போது, டெனசியின் ஓட்டையை இங்கும் விட்டுவிடலாகாது.

எனினும் சட்டம் மாத்திரம் போதாது என்பதே என் அபிப்பிராயம். பட்டியில்லாத காருக்கு ஆசனத்தைக் கட்டாயமாக்கினால், தண்டப்பணம் பெருகுமேயன்றிப் பிள்ளை தப்பாது. நம் கார்களுக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை நடக்கின்றது. அதே இடத்திற் பின்னிருக்கைப் பட்டியையும் ஒருமுறை இழுத்துப் பார்த்து, அதன் பிணைப்பைச் சோதித்தால் என்ன? கர்ப்பிணிகளின் வீடு தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கு இப்பொருத்து முறையைக் கற்பித்தால் என்ன? இவற்றுக்குப் பெரும் திரவியம் வேண்டியதில்லை.

முச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் பிள்ளையைக் கொண்டுசெல்வோர் நம்மிடையே மிகப்பலர். அவர்கள் நிலை தனியே ஆராயத்தக்கது. ஆனால் கார் உள்ளவர் இன்றே செய்யக்கூடிய காரியமொன்று உண்டு. பிள்ளை பிறக்குமுன் ஓர் ஓய்வு நாளிற் காரின் பின்கதவைத் திறந்து, பட்டி உண்டா, இறுகுமா, அதன் வேர் துருப்பிடித்துள்ளதா என்று பார்த்துக்கொள்ளட்டும். பட்டியில்லையேல், அது பொருத்தப்படும்வரை அந்தக் காரிற் சிசுவை ஏற்றாதிருப்பதே அறிவுடைமை.