கூடி எழுதும் பட்டறை

கல்லூரிகளில் கூட்டுக் கட்டுரை என்னும் பெயரால் இன்று நிகழ்வது யாது? அட்டையில் ஐவர் பெயர் நிற்கும், உழைத்தவன் ஒருவனே. அன்றேல், ஐவரும் ஐந்து கூறாக்கி எழுதி இறுதியில் ஒன்றாய்த் தைத்துத் தருவர். முதற் கூற்றில் மறுத்தது மூன்றாங் கூற்றில் நிலைநாட்டப் பெற்றிருக்கும். அதனைக் காண்பாரும் இலர். அண்மையிலோ கணிப்பொறியே எழுதித் தருதலின், அவ்வொருவனும் உழைக்க வேண்டுவதில்லை!

கூடி எழுதுதல் இன்னதென இத்தாலி நாட்டு மலையூர்ச் சிறுவர் காட்டியுள்ளனர். புளோரன்சு நகருக்கு வடகிழக்கே, பார்பியானா என்னும் சிற்றூரில் மிலானி அடிகளார் நடத்திய பள்ளியின் மாணவர் எண்மர் எழுதிய 'ஆசிரியைக்கு ஒரு மடல்' 1967-இல் வெளிவந்தது. ஏழைப் பிள்ளைகளைத் தேர்வில் வீழ்த்தி வெளியேற்றும் கல்விமுறையைப் புள்ளி விளக்கங்களோடு சாடிய நூல் அது.

அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. தோன்றிய கருத்தை அவ்வப்போதே தனித்தனித் துண்டுத்தாளில், ஒரு பக்கத்தில் மட்டும் குறித்து வைத்தனர். பின்னர் எல்லார் தாள்களையும் ஒருங்கே பரப்பி, இரட்டித்து வந்தவற்றை நீக்கினர். இனமானவற்றைச் சேர்த்த குவியல்கள் இயல்களாயின. அவற்றினின்று பத்திகள் பிரிந்தன. அதன் பின்னரே கத்தரிக்கோலும் பசையும். வேண்டாத சொல்லை வெட்டினர். ஒரு தொடரில் இரு கருத்து நில்லாவாறு பிரித்தனர். முடிவில், மிகுதியும் படியாத வெளியாரிடம் படித்துக்காட்டி, அவர்க்கு விளங்காத இடங்களை மாற்றினர்.

இம்முறை நம் கல்லூரிப் பட்டறைக்கும் முற்றும் பொருந்தும். ஆயின், சொல்லத்தக்க பொருளும் கேட்கத்தக்க ஆளும் முதற்கண் வேண்டும். 'நீர்வளம்' எனப் பொதுத்தலைப்புத் தந்தால் பொதுச்சொற்களே வரும். கல்லூரிக்கு அருகிலுள்ள குளம் தூர்ந்த வகையை, அதன் நீரால் வாழும் உழவர்க்கு எழுதுக எனின், பட்டறை உயிர்பெறும். துண்டுத்தாள் திரட்டுதற்கே இருநாள் விடுக. மதகடியில் நின்று பாராதவன் குறித்த தாளை ஏற்றல் வேண்டா.

எழுதியதை அவ்வுழவரிடமே படித்துக்காட்டுக. 'மிகைநீர் வெளியேற்றம்' என மாணவர் படிக்குங்கால், "மறுகால் போறதைச் சொல்லுதியளா?" என்பார் முதியவர் ஒருவர். தூய தமிழ் அகரமுதலியில் மட்டும் இல்லை என்பதை அம்மாணவர்க்கு உணர்த்த வேறோர் ஆசிரியரும் வேண்டுமோ?

பேராசிரியர் தம் செம்மைக்கோலை அதுவரை மூடிவைத்திருத்தல் நன்று. அவர் திருத்திய தொடர் அவருடையதாகிவிடும், "இதனால் என்ன சொல்ல வந்தீர்?" என வினவினாற் போதும். மதிப்பெண் எவர்க்கு எத்துணை என்னும் ஐயம் எழின், துண்டுத்தாள்களை எறியாது வைத்திருந்து புரட்டிப் பார்க்கலாம். கையெழுத்தே சான்று கூறும்.