தனியே விடப்பட்ட துணிவு

கொள்ளைக் கூட்டத்தாரிடம் உள்ள சுடுகருவிகளை எண்ணிவிடலாம். அவற்றை வெல்லவொண்ணாத வலிமையாக்குவது, எதிர்த்து நிற்பவனைத் தனியனாக விட்டுவிடும் ஊராரின் ஒதுக்கமே. இதற்குச் சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோ சான்று.

அந்நகரில் மாபியாக் கூட்டத்தார் கடைதோறும் அச்சுறுத்திப் பெறும் தண்டலுக்குப் 'பிட்சோ' என்று பெயர். கொடுக்க மறுத்த வணிகர் காலையில் கடை திறக்கச் சென்றால், பூட்டினுள் பசை ஊற்றப்பட்டிருக்கும். அஃது எச்சரிக்கை, அடுத்து வருவது தீ. அண்டைக் கடைக்காரரும் கொடுக்கின்றார், அவரும் வாய்திறவார். இங்ஙனம் கொடுமையே ஊர்வழக்கமாக நிலைபெற்றது.

ஆடையாலை நடத்திய லிபெரோ கிராசி என்பார் கொடுக்க மறுத்தார். 1991 சனவரி 10-ஆம் நாள், தம்மை அச்சுறுத்துவோர்க்கு நாளிதழ் வாயிலாகவே வெளிப்படை மடல் எழுதினார். தோள்கொடுத்திருக்க வேண்டிய ஆலை முதலாளிமாரோ விலகி நின்றனர். அவ்வாண்டு ஆகசுட்டு 29-ஆம் நாள் காலை, தம் வீட்டருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மாபியாக் கூட்டத்தார். அவர்க்கு வழிவிட்டு நின்றோர் யாவர்?

சட்டம் இல்லாமலில்லை. மாபியாக் கூட்டத்தில் சேர்ந்திருத்தலையே குற்றமாக்கி, அவர்தம் உடைமைகளைப் பறிக்கவும் இடந்தந்த சட்டம் இத்தாலியில் 1982-லேயே பிறந்துவிட்டது. ஆயினும் முறைமன்றத்தின் கதவைச் சட்டம் திறக்கலாம்; அஞ்சிய வணிகனின் வாயைத் திறக்க அக்கம்பக்கத்தாரே வேண்டும்.

இதனை உணர்ந்தவர் இளைஞர். 2004 சூன் திங்களில் ஓரிரவு, தண்டல் கொடுக்கும் மக்கள் மானமிழந்த மக்களே என்னும் கருத்தமைந்த ஒட்டுத்தாள்களை நகரெங்கும் ஒட்டினர். 'அடியோபிட்சோ' இயக்கம் அவ்வாறு தோன்றியது. 'பிட்சோவுக்கு விடைகொடுப்போம்' என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் முதலில் திரட்டியது பொருள் வாங்குவோரை. தண்டல் கொடாதார் கடையிலேயே வாங்குவோம் என்று ஆயிரக்கணக்கானோர் பெயர் எழுதித் தந்தனர். அதன் பின்னரே, 2006-இல், நூறு வணிகர் துணிந்து தம் பெயர்களை வெளியிட்டனர். அவ்வரிசை பின்னர் ஆயிரத்தைக் கடந்தது.

தண்டல் அங்கே முற்றாக ஒழிந்ததா எனின், இல்லை. ஆனால் ஒருவரைக் கொன்று ஊரை அடக்கியவர்க்கு, ஆயிரவரைக் கொன்று அடக்குதல் இயலுமோ?

மறுப்பவன் ஒருவன் வருவான் எனத் திண்ணையில் அமர்ந்து காத்திருத்தல் அறமாகாது. வந்தவனைப் புகழ்ந்து பேசுவதினும், அவன் கடைவாயிலிற் சென்று நிற்பதே நம் கடன். இறந்தபின் மாலையிடும் ஊரினும், இருக்கும்போதே சூழ்ந்து காக்கும் ஊரே ஊர்!