பழைய பொம்மை மஞ்சளாவது ஏன்? அதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கும். உள்ளே திருவிழாக் கடை பொம்மை, சாவி கொடுத்தால் ஓடும் கார், கை உடைந்த ஜி.ஐ. ஜோ. வெள்ளையா இருந்ததெல்லாம் டீக்கறை பட்ட மாதிரி மஞ்சளா இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஏன்னா, மாறியிருப்பது பிளாஸ்டிக்கேதான்.

பல மெத்துனு இருக்கிற பொம்மைகள் பிவிசி. எடப்பாடிக்காரர்களுக்குப் புதுசில்லை, பக்கத்து மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை பல பத்தாண்டுகளாகத் தயாரிப்பதும் பிவிசிதான். இதன் மூலக்கூறு ஒரு நீளமான சங்கிலி. வெயிலும் சூடும் படப்பட, அதிலிருந்து ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து அமிலமாகக் கழன்று போகும். மிஞ்சும் சங்கிலி நீல ஒளியை உறிஞ்ச ஆரம்பிக்கும். நீலம் குறைந்தால் நம் கண்ணுக்குத் தெரிவது மஞ்சள். இன்னும் முற்றினால் பழுப்பு.

லெகோ கட்டைகள், பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாம் ஏபிஎஸ் வகை. லெகோ 1963 முதல் இதைத்தான் பயன்படுத்துகிறது. ஏபிஎஸ் உடையாமல் இருக்க அதில் ரப்பர் கலந்திருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் கை வைப்பது அந்த ரப்பரில்தான். வெளிச்சம் இதை வேகப்படுத்தும். ஆனால் இருட்டிலும் நிற்காது, சூடு போதும். சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே, சேலம் மாவட்டத்துக் கோடையில், பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குனு நினைப்பது சும்மா ஒரு ஆறுதல்தான்.

சரி, பழைய நிறம் திரும்புமா? ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைக்கும் 'ரெட்ரோபிரைட்' முறை 2008-ல் பிரபலமானது. ஏபிஎஸ்ஸில் நல்லாவே வெளுக்கும். ஆனால் சில காலத்தில் மறுபடி மஞ்சளாகலாம். நொறுங்கும் தன்மையும் சரியாகாது. செறிவான பெராக்சைடு தோலைச் சுடும் என்பதால் கையுறை அவசியம்.

நிறத்தைவிடக் கவலைப்பட வேண்டியது பிசுபிசுப்பு. பிவிசியை வளையவைக்கச் சேர்ப்பது தாலேட் என்ற எண்ணெய் போன்ற பொருள். வருஷங்கள் ஆக ஆக அது மேலே கசிந்து வரும். சில தாலேட்டுகள் ஹார்மோனைப் பாதிக்கக்கூடியவை. 2010-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 24 பொம்மைகளைச் சோதித்தபோது, எல்லாவற்றிலும் தாலேட் இருந்தது. பழைய பிவிசியில் ஈயம், காட்மியம் சேர்மங்களும் இருக்கலாம்.

14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானதே 2021 ஜனவரி 1 முதல்தான். அந்தத் தரத்தில் தாலேட் வரம்பும் உண்டு. பரண் பொம்மை எதுவும் இந்தச் சோதனையைப் பார்த்ததில்லை. அதனால் 'அப்பா விளையாடியது'ன்னு சொல்லி, எதையும் வாயில் வைக்கும் வயசுக் குழந்தையிடம் கொடுப்பது பாசம்தான், ஆனா வேண்டாம். ஷோகேஸில் வைத்துக் காட்டுங்க.

சேகரிப்பவர்களுக்கு ஒன்று. ஃபன்ஸ்கூல் இந்தியாவில் தயாரித்த ஜி.ஐ. ஜோக்களை வெளிநாட்டிலும் தேடி வாங்குகிறார்கள். உங்களிடம் இருந்தால் பரணிலிருந்து இறக்கி, வெயில் படாத, வீட்டிலேயே குளுமையான அறையில் வையுங்க. மெத்தென்ற பொம்மையோடு ஒரே பெட்டியில் போடாதீங்க. கசியும் எண்ணெய் பக்கத்திலிருக்கும் கெட்டி பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.